பெட்டி தண்ணீர் அல்ல

இரங்கலுக்குத் தலைமை தாங்க நேர்ந்ததே என்று இறுகிய முகத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, சுமந்து சுமந்து தோள் தேய்ந்த பெரியவர்களே, வேலைக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும் வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே, கையுறையைக்கூடக் கழற்றாமல் கிடங்கிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் மகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும் என் தம்பி மனைவியே, உங்கள் அனைவருக்கும் என் கனத்த வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. இத்தனை வருடமாக என் கையில் இருந்தது டேப், மைக் அல்ல. சரக்கின் நீளம், அகலம், உயரம் அளந்து, மூன்றையும் பெருக்கி, இத்தனை கன மீட்டர் என்று சொல்வது என் வேலை. கப்பலில் எந்தச் சரக்குக்கு எவ்வளவு இடம் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. எண்ணோடு வாழ்ந்தவள் நான், எழுத்தோடு அல்ல. பேச்சில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? என் தம்பிக்காக, உங்கள் தட்டுத் தம்பிக்காக. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கண்டெய்னர் வந்தாலும் திறப்பதற்கு முன் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டுவான். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பான். "என்னடா, உள்ள இருந்து காபி கொண்டு வரப்போறாங்களா?" என்று நாங்கள் கேலி செய்வோம். சரக்கு ஒழுங்காக இருந்தால் கதவு கணீரென்று ஒலிக்கும். சாய்ந்திருந்தால் சத்தம் செத்துப்போகும். அதற்காகத்தான் தட்டினான்.

அன்றும் தட்டினான். சத்தம் செத்திருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். திறக்கும்போது கதவு சட்டென்று விரியாமல் பிடித்துக்கொள்ள, குறுக்கே ஒரு பெல்ட் கட்டுவோம். எங்கள் பெல்ட் அறுந்து போய் வெகுநாள் ஆகிறது. கேட்டோம், கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம், வரவில்லை. அன்றும் அவன் கேட்டான். லாரி காத்து நிற்கிறது, கதவைத் திற என்றார் மேற்பார்வையாளர். திறந்தான். மர மேசைப் பலகைகள் அடைத்த பெட்டிகள் அவன்மேல் சரிந்தன. அந்தச் சத்தத்தை நான் இங்கே வருணிக்க மாட்டேன். தாய்மார்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் பெட்டிகளை நானே அளந்தேன். மொத்தக் கன அளவைக் கூட்டினேன். கண்டெய்னரில் தாராளமாக அடங்கும்! அங்கே ஒரு தம்பி சொல்கிறார், ஏற்றிய ஊரில் கணக்கைக் கம்ப்யூட்டர்தானே போட்டது என்று. ஆமாம் தம்பி, தப்பாகவும் போடவில்லை, புள்ளி பிசகாமல் போட்டிருக்கிறது. கணக்கு சரி, காகிதம் சரி, கையெழுத்து சரி. என் தம்பி மட்டும்தான் இல்லை.

எப்படி இது? பெட்டி என்ன தண்ணீரா, ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் நிரம்ப? ஒவ்வொரு பெட்டியும் தட்டையான சதுரம். ஒரு பக்கம் ஒரு மீட்டர் இருபது. கண்டெய்னரின் உள் அகலம் இரண்டு மீட்டர் முப்பத்தைந்து. இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் இரண்டு நாற்பது. ஐந்து சென்டிமீட்டர் இடிக்கிறது. இதோ, என் மூன்று விரல் அகலம். அதனால் ஒற்றை வரிசையாகத்தான் படுக்க வைக்க முடிந்தது; பக்கத்தில் ஆள் நடந்து போகும் அளவுக்கு வெற்றிடம். மீந்த பெட்டிகளை அதிலும் கதவோரத்திலும் நிமிர்த்தி நிறுத்தி, முட்டுக் கொடுக்காமல், கதவைத் தோளால் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். கடல் குலுக்கியது, எல்லாம் கதவின்மேல் சாய்ந்தன.

ஏற்றியவர்களை நான் திட்டவில்லை. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. அடங்கும் என்று காகிதம் சொன்ன பிறகு, அடங்கவில்லை என்று சொல்ல அவர்களை யார் விட்டார்கள்? சரக்கை அளந்தோம், சந்தோஷப்பட்டோம். சரக்கில்லாத இடத்தை யார் அளந்தோம்? வெற்றிடம் வெறும் இடமா? அது ஆளைக் கொல்லும் இடம் என்று ஓர் உயிரைக் கொடுத்தல்லவா தெரிந்துகொண்டோம்!

நாளை காலை விசாரணை. நிர்வாகத்தின் அறிக்கையில் அவனுக்கு ஒரே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கவனக்குறைவு. கதவுக்கு மிக அருகில் நின்றானாம். கதவைத் திறப்பவன் கதவருகே நிற்காமல் கடற்கரையிலா நிற்பான்? கை தட்டாதீர்கள் தோழர்களே, இது கை தட்டும் நாள் அல்ல.

அடக்கம் முடிந்த அன்று, இந்தக் குழந்தை என் சேலையைப் பிடித்துக் கேட்டாள். "அத்தை, அப்பா கவனமில்லாமதான் செத்தாராமே, நிஜமா?" பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நேற்று மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "நீங்க தூணுக்குப் பின்னாடிதானே இருந்தீங்க? எதையும் பார்க்கலைன்னு சொல்லிட்டா போதும்."

உண்மைதான். தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன், விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் சரக்கை அளக்கக் கதவுக்கு நேரே டேப்போடு நின்றவள் தூணுக்குப் பின்னால் எப்படிப் போனேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. நாளை அவர்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன். கதவைத் தட்டிக் கேட்டவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஏதோ சாஞ்சிருக்கு. நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி போ" என்றான். நான் போய்ச் சேரும் வரை கைப்பிடியைத் தொடாமல் காத்து நின்றான். அதன் பிறகுதான் திறந்தான்.

தோழர்களே, நாளை விசாரணை அறை வாசலுக்கு வாருங்கள். முட்டுக் கொடுக்காத கண்டெய்னரைப் பூட்ட மாட்டோம், பெல்ட் இல்லாமல் திறக்க மாட்டோம் என்று நாளை முதல் ஒரே குரலில் சொல்லுங்கள். என்னோடு நில்லுங்கள்; தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

கண்ணு, அன்னைக்கு அத்தை பதில் சொல்லல. இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. உங்க அப்பா கவனமாத்தான் இருந்தாரு. அந்தக் கவனம்தான் இப்ப உன் முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருக்கு.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.