முன்வரிசையில் எட்டாவது இடம்

மாப்பிள்ளையின் சைக்கிளை என் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் சார். அதைக் கழற்றிப் போட்டுத் தேடுவது உங்கள் ஆட்களுக்குத்தான் வீண் வேலை. பிரேக்கெல்லாம் நன்றாகவே இருக்கும். நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. அடுத்தவன் சைக்கிளில் கைவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். மலைப்பாதையில் சைக்கிள் ரேஸ் ஓட்டுவது எங்களுக்குப் பிழைப்பல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஆரம்பத்தில் சும்மா நண்பர்கள் கூப்பிடுகிற மாதிரிதான் மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். பிறகு என் தங்கையையே கட்டிக்கொண்டு அதை நிஜமாக்கிவிட்டான். பெண் கேட்டு வந்தபோது வீட்டில் அவனுக்காக வாதாடியது நான்தான்.

எங்கள் ரேஸில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. வருடம் முழுக்க வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, அதிகம் வைத்திருக்கிற எட்டுப் பேரைக் கடைசிப் போட்டியில் முன்வரிசையில் நிறுத்துவார்கள். புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே பாதை ஓராள் அகலத்துக்குக் குறுகிவிடும். பின்னால் நிற்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும், முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு புழுதி தின்ன வேண்டியதுதான். நான் எத்தனையோ வருடம் தின்றேன். இந்த வருடம்தான் முதன்முதலாக எட்டாவது இடத்துக்கு வந்தேன். அவன் எனக்கு அடுத்தபடி இருந்தான்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. நூறு பேர் ஓட்டுகிற ரேஸில் மூன்றாவதாக வந்தாலும், ஐந்தே பேர் ஓட்டுகிற ரேஸில் மூன்றாவதாக வந்தாலும் ஒரே புள்ளி. ஆள் வராத ரேஸாகத் தேடிப்போய்ப் புள்ளி பொறுக்குகிறவர்களைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்த மாதிரி ரேஸுக்கு நாம் போவதில்லை என்று பேசியும் வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு காலை போன் செய்தான். "மச்சான், பாப்பாவுக்குக் காய்ச்சல். இன்னைக்குப் பிராக்டிஸுக்கு நான் வரல."

எனக்கு மனசு கேட்கவில்லை. தாய்மாமன் இல்லையா? பழம் வாங்கிக்கொண்டு ஓடினேன். பாப்பா கட்டில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் ரேஸுக்குல்ல போயிருக்காரு. உன்கிட்ட சொல்லலையாண்ணா?" என்றாள் தங்கை.

ஐந்து பேர் ஓட்டிய ரேஸ். மூன்றாவதாக வந்து, என்னைத் தள்ளிவிட்டு எட்டாவது இடத்தில் உட்கார்ந்துவிட்டான். இடம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், சார். குழந்தை பெயரைச் சொல்லி ஏமாற்றினான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. கேட்டதற்கு, "விடு மச்சான், நீ பின்னாலிருந்தே எல்லாரையும் தூக்கிடுவ" என்று தோளில் தட்டினான். நானும் சிரித்துவைத்தேன்.

கடைசிப் போட்டிக்கு முந்தின நாள் பாதையைப் பார்த்துவைக்கப் போனோம். சரிவில், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவன் முதலில் மெதுவாக இறங்கிப் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து குரல் கொடுப்பான். குரல் வந்துவிட்டால் மற்றவன் பிரேக்கைத் தொடமாட்டான். அன்று முதலில் இறங்கியவன் நான்.

வளைவைத் தாண்டியதும் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும். நான் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

"வரலாமா மச்சான்?" என்றான் மேலேயிருந்து.

"வா."

"முழுசா விடலாமா?"

"விடு மாப்ள."

நான் நின்ற இடத்தில் பாதை சுத்தமாகத்தான் இருந்தது. அவன் வருகிற சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்ல நேரமும் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை. கழுத்து முறிந்துவிட்டதாக டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் ரேஸ் நடந்தது. நானும் போனேன். மாப்பிள்ளைக்காக ஓட்டுகிறேன் என்று தங்கையிடம் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முன்வரிசைக்கு ஆள் கூப்பிடுகிறவரிடம் போய், அவன் இடம் இனி எனக்குத்தானே என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஏற்கெனவே உங்க இடம்தாங்க. உங்க மாப்பிள்ளை வெள்ளிக்கிழமையே வந்து, அந்த ரேஸ் புள்ளி எனக்கு வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லிட்டாரு. இங்க வந்து நிக்கிறப்ப மச்சானுக்குத் தெரியட்டும்னாரு."

நான் முன்வரிசையில் நின்று ரேஸை ஓட்டி முடித்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். முந்தின நாள் பாதை பார்க்க மலையேறும்போது வழியெல்லாம் என் பக்கத்திலேயேதான் வந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நில்லு என்று கத்தியிருப்பேன். சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் என்னிடம் மறைத்துவிட்டான்.