வலது கைப் பிரேக்

சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். அழுக்கு போய்விடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற எண்ணெயும் சேர்ந்து போய்விடும். அடுத்த வாரமே சங்கிலி கீச்சுக் கீச்சென்று கத்தும். ஜெயசங்கரிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கழுவிவிட்டு, கத்த ஆரம்பித்ததும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். நானும் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது.

பால் இல்லாத தே ஓ கொடுத்தீர்கள், நன்றி. காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. யாரும் என்னை இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் திருச்செல்வம். பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எந்த மரை எவ்வளவு இறுக வேண்டும் என்று என் விரலுக்கே தெரியும். மனைவி ஷாமளா மூவாரில் அவள் அக்காள் வீட்டில் இருக்கிறாள். போய் ரொம்ப நாளாகிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, விட்டுவிடலாம்.

எங்கள் கூட்டம் சின்னக் கூட்டம். ஜெயசங்கர் என்னோடு பள்ளியில் படித்தவன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். கமலநாதன் இங்கே ஜொகூர் பாருவில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பிக்கப்பில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கோத்தா திங்கிப் பக்கம் போவோம். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஏறி, குன்றின் உச்சியிலிருந்து காட்டுப் பாதையில் இறங்குவது. அந்த இறக்கத்துக்கு மாமியார் இறக்கம் என்று பெயர் வைத்தவன் ஜெயசங்கர். கல்யாணமே ஆகாதவன், அவனுக்கு மாமியாரைப் பற்றி என்ன தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஞாயிறு அவர்களுக்கு; எனக்குச் சனிக்கிழமைதான். சாயங்காலம் எல்லாரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என் கார் போர்ச்சுக்கு வந்துவிடுவார்கள். நான் வேலை பார்ப்பேன், அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். யாராவது பொரித்த வாழைப்பழம், பிசாங் கோரெங், வாங்கி வருவார்கள். மறுநாள் குன்றடியில் நான்தான் ஒவ்வொரு சைக்கிளாகப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, "போலாம்" என்று சொல்வேன். நான் சொல்லாமல் யாரும் காலை எடுத்து வைக்க மாட்டார்கள். நான் தொட்ட சைக்கிளை மறுபடி யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. அப்படிப் பார்த்தால் என்னை அவமானப்படுத்துவது மாதிரி என்று அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது. நான் கேட்டு வாங்கியதில்லை.

செந்தூரன் அப்புறம் வந்தவன். ஜெர்மனியில் சில வருஷம் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, மனைவி லோஷினியோடு ஊர் திரும்பியவன். நல்ல பையன். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவன், அடுத்தவன் களைத்துப்போனால் நின்று தண்ணீர் கொடுக்கிறவன். அங்கே ஓட்டிய சைக்கிளையே கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு விஷயம்தான் வித்தியாசம்.

நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து மோட்டார் ஓட்டியவர்கள். மோட்டாரில் வலது கை முன் பிரேக். அதனால் எங்கள் சைக்கிளிலும் வலது கைதான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். செந்தூரனுடையது நேர்மாறு. இடது கை முன்னால், வலது கை பின்னால். அங்கே அப்படித்தானாம். முதல் நாளே நான் கேட்டேன்.

"தம்பி, இத மாத்திடலாமா? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்லா."

"ஐயோ வேணாம்ணே," என்று சிரித்தான். "மோட்டாரே ஓட்டாதவன் நான். என் கை இதுக்குப் பழகிடுச்சு. மாத்துனீங்கன்னா மொத இறக்கத்துலயே தலைகுப்புற விழுந்துருவேன்."

அவன் சொன்ன வார்த்தை அதுதான். எனக்கு அது தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

கொஞ்ச நாளில் அவன் தன் வீட்டிலேயே சைக்கிள் தூக்கிவைக்கிற ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் போட்டான். நல்ல நல்ல சாமான்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் அங்கே வாருங்கள், அவரவர் சைக்கிளை அவரவரே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றான். "அண்ணன் ஷிப்ட் முடிஞ்சு வந்து நமக்காக முதுகு ஒடியுறாரு, பாவம்," என்று என் முன்னாலேயே சொன்னான். பாவம் என்றுதான் சொன்னான். கமலநாதன் தலையாட்டினார். ஜெயசங்கரும்.

என்னையும் கூப்பிட்டான். ஒரு தடவை போனேன். லோஷினி நாசி லெமாக் செய்திருந்தாள். ஜெயசங்கர் தரையில் உட்கார்ந்து சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் இல்லாமல், நான் இத்தனை காலம் சொன்ன மாதிரியே. செந்தூரன் ஒரு தடவைதான் சொன்னானாம். தட்டை அப்படியே வைத்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் போர்ச்சில் விளக்கைப் போட்டு, சாமான்களைத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் என்று. யாரும் வரவில்லை. வீட்டுக்குள் போனால் அங்கேயும் யாரும் இல்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, இன்ஸ்பெக்டர். தொழிற்சாலையில் கேட்டுப் பாருங்கள், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. தனியாக இருந்தேன், அவ்வளவுதான்.

செந்தூரன் அதைக் கவனித்திருக்கிறான். மற்றவர்கள் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் சைக்கிளைக் கொண்டுவந்து என் போர்ச்சில் நிறுத்தினான்.

"அண்ணே, கியர் கொஞ்சம் தடுமாறுது. எனக்குச் சரியா வரல. நீங்க பாத்து வைங்க, நாளைக்கு அப்படியே பிக்கப்புல ஏத்திட்டு வந்துருங்க."

அவன் போன பிறகு மிதித்துப் பார்த்தேன். கியரில் ஒரு குறையும் இல்லை. எனக்காக, என் மனசு நோகக் கூடாது என்று கொண்டுவந்து விட்டிருக்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவனுடையது கம்பியில் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக். பிடிகள் இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு. இந்தப் பக்கத்ததைக் கழற்றி அந்தப் பக்கம் போடலாம். எண்ணெய்க் குழாயை அவிழ்க்கவே வேண்டாம். கழற்றி மாட்ட ஓர் ஆலன் கீ போதும். மாற்றினேன். எதையும் உடைக்கவில்லை, எதையும் தளர்த்தவில்லை. மரையெல்லாம் சரியான இறுக்கத்தில் வைத்தேன். எங்கள் எல்லாருடைய சைக்கிளும் எப்படி இருக்கிறதோ அப்படி வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை, அது ஒன்றுதான்.

குழாய்கள் கொஞ்சம் குறுக்கே போகும். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் உற்றுப் பார்க்கவில்லை. நான் தொட்ட சைக்கிளை யாரும் பார்ப்பதில்லையே. அந்த வழக்கத்தைக் கடைசியாகக் கற்றுக்கொண்டவன் அவன்தான். மற்றவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவனும் அவன்தான்.

மறுநாள் குன்றடியில் வழக்கம்போல நானே பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஏறுகிற வழி முழுக்கப் பிரேக்குக்கு வேலை கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானாக நின்றுவிடும். இதையெல்லாம் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். லேசாக விழுவான், முழங்கை சிராய்க்கும், தன் கையாலேயே எல்லாம் ஆகாது என்று புரிந்துகொள்வான், சைக்கிளை என்னிடம் கொண்டுவருவான் என்று நினைத்ததாக இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இறக்கத்தின் முதல் வளைவிலேயே பாறை இருப்பது எனக்குத் தெரியும். அங்கே யாரும் லேசாக விழ முடியாது.

உச்சியில் கொஞ்சம் நின்றோம். பொதுவாகச் செந்தூரன் கடைசியாகத்தான் இறங்குவான். அன்றைக்கு ஜெயசங்கர் அவனை வம்புக்கு இழுத்தான்.

"என்னலா, எப்பவும் எங்க பின்னாலேயே வர்ற? பயமா? இன்னைக்கு நீ மொதல்ல போ, பாப்போம்."

"அலமாக், மாட்டிவிடுறீங்களே," என்று சிரித்துவிட்டு, செந்தூரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, போலாமா?"

சொல்லியிருக்கலாம். தம்பி, கொஞ்சம் இரு, பிரேக்கை மாற்றியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. எல்லாரும் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான் ஆகியிருக்கும். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"போலாம்," என்றேன்.

பாறைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க அவன் வலது கையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். பின் சக்கரம் நிற்கும் என்று நம்பிப் பிடித்தான். முன் சக்கரம் நின்றது. அவன் கைப்பிடிக்கு மேலாகப் போய்ப் பாறையில் தலைகீழாக விழுந்தான். சத்தம் அதிகமில்லை.

ஜெயசங்கரும் கமலநாதனும் கத்திக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். நான் சைக்கிளிடம் போனேன். அது சறுக்கிப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால் கிடந்தது. ஆலன் கீ என் பையில் இருந்தது. அவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் அங்கேயே உட்கார்ந்து பிரேக் பிடிகளைப் பழையபடி மாற்றினேன். உங்கள் ஆட்கள் வந்து சைக்கிளைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆள்தான் தவறி விழுந்திருக்கிறார் என்று எழுதினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அவர்கள் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது.

செந்தூரன் பிழைத்துக்கொண்டான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேச்சு இருக்கிறது. நான் வாராவாரம் போய்ப் பார்க்கிறேன். சக்கர நாற்காலிக்கு எண்ணெய் போடுகிறேன், அதன் பிரேக்கைச் சரிபார்க்கிறேன். லோஷினி வாசல்வரை வந்து வழியனுப்புவாள். "நீங்க ஒருத்தர்தான்ணே இன்னும் வர்றீங்க," என்று சொல்லி அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

போன தடவை செந்தூரன் என்னிடம் சொன்னான். "அண்ணே, நான் வலது பிரேக்கைத்தான் பிடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"பதட்டத்துல கை மாறியிருக்கும்லா, தம்பி."

அவன் கண்ணைக் கூரைப் பக்கம் திருப்பினான். "அப்படித்தான் இருக்கும்ணே," என்றான். நான் அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இதோடு முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் ஜெயசங்கர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறான். நான் கிண்டல் பண்ணித்தானே அவன் முதலில் இறங்கினான் என்று புலம்புகிறான். லோஷினி அவன் முகத்தில் விழிப்பதில்லை. அவன் தன் சைக்கிளைக் கழற்றி ஸ்டோர் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. கமலநாதனும் வருவதில்லை. செந்தூரன் வீட்டிலும் யாரும் கூடுவதில்லை, என் வீட்டிலும் கூடுவதில்லை. நான் இதற்காகவா இதைச் செய்தேன்? நேற்றுச் சாயங்காலம் முழுக்கப் போர்ச்சில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். பிரேக்கை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன், தெரிந்தே போலாம் என்று சொன்னேன். ஜெயசங்கர் சொன்னதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். இதை நீங்களே ஜெயசங்கருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் அவனுக்கு மறுபடி சைக்கிளை எடுக்க மனசு வரும். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் போர்ச்சில்தான் இருப்பேன்.