ஒரே ரூமு, ரெண்டு சம்மந்தி

தங்கபாண்டி: நான் சன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்துட்டேன் சம்மந்தி. நீங்க தைரியமாக் குளிங்க.

பூமிநாதன்: திரும்பினாப் போதாது, கண்ணையும் மூடிக்கங்க. சன்னல் கண்ணாடியில நான் முழுசாத் தெரியுறேன்.

தங்கபாண்டி: மூடிக்கிட்டேன்... எவன்யா பாத்ரூமுக்குக் கண்ணாடியில செவுரு வச்சது? ஏர்போர்ட்டு ஓட்டலுன்னா இப்பிடித்தான் கட்டுவாகளோ?

பூமிநாதன்: செங்கல் லாரி வந்து சேந்திருக்காது.

தங்கபாண்டி: திரை எறக்க ஒரு சுவிச்சு இருக்குன்னு ரிசப்சன்ல அந்தம்மா சொல்லுச்சே?

பூமிநாதன்: இருக்கிற சுவிச்ச எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணப் போட்டா காத்தாடி ஓடுது. ஒண்ணப் போட்டா பாட்டுப் பாடுது. கடைசியா ஒண்ணப் போட்டேன், எம்மேல நேரா வெளிச்சம் அடிக்குது. நாடகத்துல ராசா வாரப்ப அடிப்பாகளே, அது மாதிரி.

தங்கபாண்டி: நாலு வருசமா உங்க வீட்டுக்கு வாரேன் சம்மந்தி. ஒரு வா காப்பி குடிக்கிறதுன்னாலும் துண்டச் சரிபண்ணிட்டுத்தான் உக்காருவேன். பொண்ணக் குடுத்தவன் மாப்பிள்ளையப் பெத்தவரு முன்னால கால் மேல கால் போடக்கூடாதுன்னு எங்க வீட்டுல பாடம். இன்னைக்கு...

பூமிநாதன்: இன்னைக்கு மாப்பிள்ளையப் பெத்தவரு சோப்பு எதுன்னு தெரியாம நிக்கிறாரு. சின்னச் சின்ன டப்பாவா ஆறு வச்சிருக்கான். எது தலைக்கு, எது மேலுக்கு?

தங்கபாண்டி: எழுதியிருக்கும்ல?

பூமிநாதன்: எறும்பு எழுத்து. என் கண்ணாடி அங்க மேச மேல கெடக்கு. எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக... ஏதோ ஒண்ணத் தேச்சுக்கிறேன்.

தங்கபாண்டி: பாத்து. முந்தி நான் கை கழுவப் போயி அதுல ஒண்ணத் தேச்சேன். நுரையே வரல. அது குளிச்சுட்டுப் பூசிக்கிறதாம். இன்னும் கை வழுக்குது, பெட்டியத் தூக்க முடியல.

பூமிநாதன்: இப்பச் சொல்றீக. பாதி டப்பாவத் தலையில ஊத்திட்டேன்.

தங்கபாண்டி: மொண்டு ஊத்துங்க, போயிரும்.

பூமிநாதன்: எதுல மொண்டு? வாளி இல்ல, கப்பு இல்ல. ஒரு தொட்டிக்குள்ள நிக்கிறேன். எங்க மாட்டுக்குக் கழனித் தொட்டி இதவிடச் சின்னது. மேல இருந்து தண்ணி நிக்காம கொட்டுது சம்மந்தி. குளிக்கவே மனசு வரல. பாதகத்தி, அடியில கொடத்த வச்சுப் பிடிக்க மாட்டாளான்னு இருக்கு.

தங்கபாண்டி: யாரச் சொல்றீக?

பூமிநாதன்: எங்க வீட்டுலதான். ஜக்கம்மா இங்க வந்திருந்தா இந்நேரம் எங்கூரு பாலவனத்தத்துக்குக் குழாயே போட்டிருப்பா.

தங்கபாண்டி: சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு. இங்க என்னென்ன வசதின்னு அட்ட ஒண்ணு வச்சிருக்கான். தமிழுலயும் இருக்கு. வாசிக்கட்டா?

பூமிநாதன்: கண்ண மூடிக்கிட்டு எப்பிடி வாசிப்பீக?

தங்கபாண்டி: அட்டைய மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிறேன். மறச்சுக்கிரும். ‘நீச்சல் குளம், ஏழாவது மாடியில்.’

பூமிநாதன்: நம்மூருக் கம்மாயில தண்ணி நின்னு மூணு வருசமாச்சு. இவன் மொட்ட மாடியில கம்மாய் வெட்டி வச்சிருக்கான். அப்புறம்?

தங்கபாண்டி: ‘உடற்பயிற்சிக் கூடம்.’ ஓடுற மிசினு படம் போட்டிருக்கு. நின்ன எடத்துலயே ஓடலாமாம்.

பூமிநாதன்: காலையிலருந்து நாம அதத்தான பண்றோம். சிங்கப்பூருக்குக் கெளம்பி இன்னும் அருப்புக்கோட்ட ரோட்டத் தாண்டல.

தங்கபாண்டி: ‘தொழில் மையம். கூட்டம் நடத்தும் வசதி உண்டு.’

பூமிநாதன்: என்ன தொழிலுன்னு கேட்டா?

தங்கபாண்டி: மானாவாரின்னு சொல்லுவேன். கூட்டம் போட்டு எல்லாரும் மானத்தப் பாப்போம்.

பூமிநாதன்: சிரிக்க வைக்காதீக, தொட்டி வழுக்குது.

தங்கபாண்டி: ‘ஐந்து வகைத் தலையணைகள், கேட்டால் தரப்படும்.’ கேளுங்க சம்மந்தி கொடுமைய. முப்பது வருசம் பருத்தி போட்டவன் நான். எங்க வீட்டுல இருக்கிறது ஒரே வக. அதுலயும் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிப் போயிரும்.

பூமிநாதன்: அப்புறம்?

தங்கபாண்டி: அருப்புக்கோட்ட பஸ்ஸு போகுது.

பூமிநாதன்: கண்ணத் திறந்துட்டீகளா?

தங்கபாண்டி: கீழதான் பாத்தேன். உங்களப் பாக்கல.

பூமிநாதன்: அதுல ஏறியிருந்தா ஒரு மணி நேரத்துல வீடு. பிளைட்டு ரிப்பேரு, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அடுத்ததுன்னு அவுக சொன்னதுமே நாம ஏறியிருக்கணும்.

தங்கபாண்டி: ஏறலாந்தான். எப்பிடி எறங்குறது? பதினேழு பேரு வேன் பிடிச்சு என்னைய வழியனுப்ப வந்தாக. சால்வ போட்டு, போட்டோ பிடிச்சு... அத எங்க பக்கத்து வீட்டு முனீஸ்வரி மகன் ஸ்டேட்டஸ்ல வேற வச்சிருக்கானாம். மத்தியானச் சோத்துக்குப் போயி நின்னா, சிங்கப்பூருல பந்தி முடிஞ்சிருச்சான்னு கேப்பாக.

பூமிநாதன்: வீட்டுக்காவது சொன்னீகளா?

தங்கபாண்டி: கனகலட்சுமி கூப்பிட்டா. பிளைட்டு ஏறியாச்சுன்னு சொல்லிட்டேன். அந்த நேரம் பாத்து பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான். பிளைட்டுல ஹாரன் அடிப்பாகளான்னு கேட்டா. மேகம் குறுக்க வந்தா அடிப்பாகன்னேன். நம்பிட்டா... நம்பின மாதிரி வச்சுட்டா.

பூமிநாதன்: நான் போன ஆஃப் பண்ணிட்டேன். பொய் சொல்ற வேலையும் மிச்சம்.

தங்கபாண்டி: ஆமா... மாப்பிள்ள பேசினாகளா?

பூமிநாதன்: யாரு, கோகுலா? அவனுக்கென்ன... நல்லாருக்கான். உங்க மக?

தங்கபாண்டி: சுகப்பிரியாவும் நல்லாத்தான் இருக்கு.

பூமிநாதன்: நல்லா இருந்தாச் சரி.

தங்கபாண்டி: ஆமா, ரெண்டு பேரும் நல்லா இருந்தாச் சரிதான்.

பூமிநாதன்: ...சம்மந்தி, இங்க கக்கூசுக்குப் பக்கத்துல ஒரு போன் அடிக்குது.

தங்கபாண்டி: எடுக்காதீக. இங்கயும் அடிக்குது, நான் எடுக்கிறேன். எடுக்காதீக சம்மந்தி.

பூமிநாதன்: எடுத்துட்டேன். அலோ... ஆமாம்மா... எந்த ரூமு?... இல்லம்மா, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்... அப்பிடியா சொன்னாரு?... சரிம்மா. நான் சொல்லிக்கிறேன்.

தங்கபாண்டி: என்னவாம்?

பூமிநாதன்: எனக்குப் போட்ட ரூமு நானூத்திப் பதினாலாம். காலையிலருந்து சும்மா கெடக்காம். இப்பவாச்சும் சாவி வேணுமான்னு கேக்குது. ஒரே ரூமுதான் குடுத்தாகன்னு நீங்கதான சொன்னீக?

தங்கபாண்டி: ஆமா, சொன்னேன்.

பூமிநாதன்: ‘எங்களுக்கு ஒண்ணு போதும், நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு’ன்னு சொன்னீகளாம். இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரு மனுசன அம்மணமா நிப்பாட்ட.

தங்கபாண்டி: கண்ணாடிச் செவுரு எனக்குத் தெரியாது, சத்தியமா. நான் கண்ணத் திறக்கவா?

பூமிநாதன்: இருங்க, துண்டக் கட்டிக்கிறேன். இதென்ன... துண்டுக்குக் கை இருக்கு.

தங்கபாண்டி: அது குளிச்சுட்டுப் போடுற அங்கியாம். அட்டையில இருக்கு.

பூமிநாதன்: போட்டாச்சு. திரும்புங்க... சிரிக்காதீக.

தங்கபாண்டி: சிரிக்கல. சர்ச்சுல ஃபாதர் நிக்கிற மாதிரி இருக்கீக.

பூமிநாதன்: வசதியாப் போச்சு. பாவத்தச் சொல்லுங்க. எதுக்கு ஒரே ரூமு?

தங்கபாண்டி: உங்களக் கண்ணு முன்னாலயே வச்சுக்கணும்னு.

பூமிநாதன்: நான் என்ன ஓடியா போயிருவேன்?

தங்கபாண்டி: காலையில ஏர்போர்ட்டு வரிசையில திடீருன்னு உங்களப் பாத்தேன் சம்மந்தி. நீங்களும் இதே பிளைட்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எதுக்குப் போறீகன்னு கேட்டா, வெயிலு தாங்கல, புள்ளைககூட நாலு நாளு ஏசியில இருந்துட்டு வாரேன்னீக.

பூமிநாதன்: நீங்க ஊரு சுத்திப் பாக்கப் போறேன்னீக.

தங்கபாண்டி: இது புரட்டாசி. ஆறு ஏக்கர் கரிசல உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கிற மனுசன் வெதப்ப விட்டுட்டு ஏசிக்குப் போவானா? அப்பவே தெரிஞ்சு போச்சு, ஏதோ பெரிய விசயம்னு.

பூமிநாதன்: நீங்க மட்டும்? திருச்சுழியில உங்க காடு தானா வெதச்சுக்கிருமா?

தங்கபாண்டி: இல்ல.

பூமிநாதன்: தெக்க பாத்தீகளா, கருக்கிட்டு நிக்குது. இன்னைக்கு எறங்கிரும். ஈரம் நாலு நாளைக்குத்தான்.

தங்கபாண்டி: தெரியும்.

பூமிநாதன்: தெரிஞ்சும் ரெண்டு பேரும் மெத்தையில உக்காந்து தலகாணி எண்ணிக்கிட்டு இருக்கோம்.

தங்கபாண்டி: சொல்லுங்க சம்மந்தி. உங்களுக்கு என்ன தெரியும்?

பூமிநாதன்: மொதல்ல நீங்க சொல்லுங்க.

தங்கபாண்டி: நீங்க மாப்பிள்ளையப் பெத்தவரு. நீங்கதான் மொதல்ல.

பூமிநாதன்: எல்லாத்துலயும் எனக்கு மொத மரியாத குடுத்தீக. இதுல மட்டும் வேணாம்.

தங்கபாண்டி: ...நாப்பது நாளா எம்மக வீடியோவுல வரல. போன் மட்டுந்தான். ‘நல்லாருக்கேம்ப்பா, வச்சுரட்டா?’ அவ்வளவுதான். குரலு கணகணன்னு எதிரொலிக்குதுன்னு கனகலட்சுமிதான் கண்டுபிடிச்சா. வீட்டுக்குள்ள இருந்து பேசல, மாடிப்படியில நின்னு பேசுறான்னு. சொந்த வீடு இருக்கயில எதுக்கு மாடிப்படி? அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. மாப்பிள்ள உங்ககிட்டச் சொல்லியிருப்பாக, நீங்க அவுகளுக்குப் பரிஞ்சு பேசப் போறீகன்னு நெனச்சேன். அங்க போயி ரெண்டு பேரு முன்னால நாம கட்சி கட்டி நிக்கக்கூடாது. அதுக்கு முந்தி இங்கயே உங்ககிட்டப் பேசிரணும்னு பாத்தேன். பேச வாய் வரல. அட்டைய வாசிச்சுக்கிட்டு இருக்கேன்.

பூமிநாதன்: எம்மகன் எங்கிட்டப் பேசி மூணு மாசமாச்சு.

தங்கபாண்டி: நல்லாருக்கான்னு சொன்னீக?

பூமிநாதன்: நீங்களுந்தான் சொன்னீக.

தங்கபாண்டி: அப்ப உங்களுக்கு யாரு சொன்னது?

பூமிநாதன்: உங்க மக.

தங்கபாண்டி: எம்மகளா... எங்கிட்டச் சொல்லாததையா?

பூமிநாதன்: கோவப்படாதீக.

தங்கபாண்டி: கோவம் இல்ல. வலிக்குது, அம்புட்டுத்தான். பெத்தவன் நான்.

பூமிநாதன்: எனக்கும் வலிச்சது. அந்தப் புள்ள சொன்னது நான் பெத்தவனப் பத்தி.

தங்கபாண்டி: என்ன செஞ்சாக?

பூமிநாதன்: கோகுலுக்கு வேல போயி அஞ்சு மாசமாச்சு. எங்ககிட்ட மறச்சுட்டான். அந்தப் புள்ளைக்கு அதே நேரத்துல ஆபீசுல ஒரு படி ஏத்தி விட்டிருக்காக. இவனுக்குப் பொறுக்கல. வேலைய விடு, இல்லாட்டி ஊருக்குப் போயி எங்க அப்பா அம்மாவப் பாருங்கிறானாம். மாட்டேன்னுருச்சு. ஒரு நாளு வேல முடிஞ்சு வர நேரமாயிருச்சு. கதவ உள்ள பூட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் வெளிய நிக்க வச்சிருக்கான். அன்னையிலருந்து ரெண்டும் பேசிக்கிறது இல்ல.

தங்கபாண்டி: ...ரெண்டு மணி நேரமா?

பூமிநாதன்: ஆமா. அக்கம் பக்கத்து ஆளுக ஏறி எறங்குற படியில. ஏதாச்சும் சொல்லுங்க சம்மந்தி. வையுங்க. வாங்கிக்கிறேன்.

தங்கபாண்டி: என்னத்தச் சொல்ல?

பூமிநாதன்: ஊருல எந்த வீட்டு வழக்குன்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாக. துண்ட ஒதறிப் போட்டு உக்காந்து நாயம் சொல்லுவேன். சாயங்காலம் வரைக்கும் சொல்லுவேன். அம்புட்டும் எம்மகன் பக்கத்துல உக்காந்து கேட்டவன். நான் வளத்த லெச்சணம் இது. பூமிநாதன்னு பேரு வச்சிருக்காக எனக்கு.

தங்கபாண்டி: எங்கிட்ட ஏன் சொல்லலையாம்?

பூமிநாதன்: நானும் அதத்தான் கேட்டேன். ‘எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த பிளைட்டுலயே வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு மாமா. நான் எதுக்குப் போகணும்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?’னு கேட்டுச்சு. என்ன சம்மந்தி, தலையக் குனிஞ்சுட்டீக?

தங்கபாண்டி: திரும்பி வர டிக்கெட்டு ரெண்டு எடுத்திருக்கேன். ஒண்ணு அவ பேருல.

பூமிநாதன்: அவகிட்டக் கேட்டீகளா?

தங்கபாண்டி: கேக்கல. எப்பக் கேட்டேன்? மாப்பிள்ள பாக்கும்போதும் கேக்கல. அவசரக்குடுக்கன்னு என்னைய நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கா. நான் போயி நின்னேன்னு வைங்க, அவ என் மூஞ்சியப் பாத்ததுமே கண்டுபிடிச்சுருவா. சரி, நீங்க போயி என்ன பண்ணப் போறீக? ரெண்டு பேரையும் உக்கார வச்சு நாயம் சொல்லப் போறீகளா?

பூமிநாதன்: இல்ல சம்மந்தி. நானும் திரும்பி வர ரெண்டு டிக்கெட்டுதான் எடுத்திருக்கேன். இன்னொண்ணு எம்மகன் பேருல. ஊருக்குப் போகணும்னு சொன்னது அவந்தான, அவனே வரட்டும்.