இளவரசி தின்ற வாழைப்பழம்

கலேஹுவா: ...இன்னும் வேகமா போடேன் மாகுவா! துடுப்பு போடுறியா, கூழ் கிண்டுறியா?

மாகுவா: ஆமை பாக்கப் போறதுக்கு எதுக்கு தாயி இவ்வளவு அவசரம்? ஆமை என்ன ஓடியா போயிரும்?

கலேஹுவா: நீ போடுற வேகத்துக்கு அது நம்மளயே முந்திரும்.

மாகுவா: தூக்கி வளர்த்தவனை விடியுமுன்னே எழுப்பி, ஒரு வாய் கிழங்குக்கூழ் குடிக்க விடாம இழுத்துட்டு வந்துட்டு, இதுல கிண்டல் வேற. பதினோரு வயசுல இந்த வாய்! பட்டத்து இளவரசி வேற...

கலேஹுவா: உஷ்! அந்த மீன்காரங்க காதுல விழுந்துறப் போகுது.

மாகுவா: அதுசரி, இதென்ன வேஷம்? வேலைக்காரப் புள்ளையோட மரப்பட்டைத் துணிய எடுத்து... தலையோட சுத்திக்கிட்டு...

கலேஹுவா: நான்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? வலையைப் போட்டுட்டுப் படகுக்குள்ள குப்புற விழுவாங்க. நான் கண்ணுக்கு மறையிற வரைக்கும் தலையைத் தூக்கக்கூடாது. பாவம், பிடிச்ச மீனெல்லாம் போயிரும்.

மாகுவா: அது கபு தாயி. சாமி போட்ட தடை. உங்க ரத்தத்துக்கு உள்ள மரியாதை.

கலேஹுவா: நல்ல மரியாதை! இந்த ஹவாய்த் தீவுல பொறந்ததுல இருந்து நான் பார்த்ததெல்லாம் முதுகுதான். இன்னைக்குத்தான் மூஞ்சியே பாக்குறேன். அந்தப் பெரியவருக்கு முன்பல்லு இல்ல, கவனிச்சியா? என்னைப் பார்த்துச் சிரிச்சாரு!

மாகுவா: சிரிச்சது உங்களைப் பார்த்துன்னு தெரிஞ்சா மிச்சப் பல்லும் கொட்டிரும் அவருக்கு. உக்காருங்க, எட்டிப் பாக்காதீங்க... ஆமா, ஆமைத்துறை இடதுபக்கம்ல? நீங்க நேரா போகச் சொல்றீங்க.

கலேஹுவா: நேரா போ.

மாகுவா: நேரா போனா கருங்கல் முனை. அதுக்கு அந்தப் பக்கம் அடைக்கல மதில்தான் இருக்கு.

கலேஹுவா: தெரியும். போ.

மாகுவா: அங்க யாரு போவா? கபுவ மீறிட்டு உயிருக்குப் பயந்து ஓடுறவன் போவான். நமக்கு அங்க என்ன வேலை?

கலேஹுவா: மாகுவா... கோபப்படாம கேப்பியா?

மாகுவா: நீங்க இப்படி ஆரம்பிச்சாலே எனக்குத்தான் ஏதோ வினை.

கலேஹுவா: நான் வாழைப்பழம் தின்னுட்டேன்.

மாகுவா: வாழைப்பழமா?

கலேஹுவா: ஆமா, முழுசா.

மாகுவா: அது சாமிக்கும் ஆம்பளைங்களுக்கும் மட்டும் உள்ளது தாயி. பொம்பளை வாயில படவே கூடாது.

கலேஹுவா: தெரியும்! தெரிஞ்சேதான் தின்னேன். நம்ம முற்றத்துல ஆம்பளைங்க சாப்பிடுற குடிசை இருக்குல்ல... பின்பக்கம் புல்லுச் சுவர்ல ஒரு ஓட்டை. அதுக்கு நேரா ஒரே ஒரு பழம் இருந்துச்சு. சும்மா கையை விட்டுத்தான் பார்த்தேன். எட்டிருச்சு.

மாகுவா: யாரு பார்த்தது?

கலேஹுவா: கோயில் ஆளு ஒருத்தன். தோலு என் கையிலயே இருந்துச்சு. நேத்து பெரிய பூசாரி அப்பாகிட்ட பேசுனதை ஒளிஞ்சு நின்னு கேட்டேன். என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம், என் ரத்தத்தை யாரும் தொட முடியாதாம். அதனால... அதனால என்னை வளர்த்தவன் பதில் சொல்லணுமாம். இன்னைக்கு வெயில் ஏறினதும் உன்னைப் பிடிக்க...

மாகுவா: அழாதீங்க.

கலேஹுவா: நான் ஒண்ணும் அழல. கடல் தண்ணி தெறிச்சுது.

மாகுவா: ஆமா, கடல் தண்ணி மூக்கு வழியாத்தான் வரும்.

கலேஹுவா: சிரிக்க வைக்காத! உன்னைக் கொன்னுருவாங்க மாகுவா! நான் ஒரு பழம் தின்னதுக்கு உன்னை... ஏய், எதுக்குப் படகைத் திருப்புற?

மாகுவா: நான் ஓடிப்போயிட்டா சும்மா விட்டுருவாங்களா? அடுத்தது உங்களுக்கு விசிறி வீசுற ஹினாவைப் பிடிப்பாங்க. சின்னப் பொண்ணு அது. இந்த உடம்புக்கு வயசாச்சு, போனாப் போகட்டும்.

கலேஹுவா: போகக்கூடாது! நீ மதிலுக்குள்ள போயிட்டா, அங்க இருக்குற பூசாரி தப்பைக் கழிச்சு விட்டுருவாரு. கழிச்சா அதோட முடிஞ்சுது. அப்புறம் ஹினாவையும் கேக்க முடியாது, யாரையும் கேக்க முடியாது. ராஜாவே கேக்க முடியாது. நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த?

மாகுவா: அதைக் கேட்டீங்களா? நீங்க தூங்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!

கலேஹுவா: நான் எப்பவும் தூங்குற மாதிரி நடிப்பேன், நீ எப்பவும் நம்பிருவ. திருப்பு!

மாகுவா: திருப்பிட்டேன், திருப்பிட்டேன்... தாயி, பின்னாடி மட்டும் பாக்காதீங்க.

கலேஹுவா: ஏன்? ...ஐயோ. அது அப்பாவோட ரெட்டைப் படகு.

மாகுவா: அத்தனை பேரும் சண்டைக்குப் போற ஆளுங்க. ஒவ்வொருத்தன் தோளும் என் தொடை அளவு இருக்கு.

கலேஹுவா: நானும் துடுப்பு போடுறேன்.

மாகுவா: அப்படிப் பிடிச்சா மீனுக்கு விசிறி வீசுற மாதிரித்தான் இருக்கும். குடுங்க இப்படி... தாயி, முனை வரைக்கும் போக முடியாது போலிருக்கே. அதுக்குள்ள மடக்கிருவாங்க.

கலேஹுவா: பேசாத, போடு! ...மாகுவா.

மாகுவா: ம்?

கலேஹுவா: இங்க உக்காந்திருக்கிறது நான்னு அவங்களுக்குத் தெரியுமா?

மாகுவா: இந்தத் துணிக்குள்ள யாருன்னு எவனுக்குத் தெரியும்? ஏதோ வேலைக்காரப் புள்ளைன்னு நெனச்சிருப்பான்.

கலேஹுவா: அப்போ... துணியை எடுத்துட்டா?

மாகுவா: என்ன பண்றீங்க? எழுந்திரிக்காதீங்க! ஐயோ, படகு ஆடுது... கவுந்துரும் தாயி!

கலேஹுவா: கவுந்தா நீந்துவேன். நீ விழாத! நீயும் குப்புற விழுந்தா யாரு துடுப்பு போடுறது?

மாகுவா: நான் எதுக்கு விழணும்? உங்களுக்கு மூக்குச் சிந்தி விட்டவன் நானு. எனக்கு அந்தக் கபுவெல்லாம் கிடையாது.

கலேஹுவா: பாரு! பாரு மாகுவா!

மாகுவா: அட லோனோ சாமியே... ஒருத்தனும் காணோமே! எல்லாரும் எங்க?

கலேஹுவா: படகுக்குள்ள. ஒருத்தர்மேல ஒருத்தர். ரெண்டு துடுப்பு தண்ணியில மிதக்குது!

மாகுவா: தலைவன் கத்துறானே... "எழுந்திருங்கடா"ங்கிறான்.

கலேஹுவா: அவன் எப்படி இருந்துட்டுக் கத்துறான்?

மாகுவா: குப்புறப் படுத்துட்டுத்தான்!

கலேஹுவா: அலை அவங்களை வீட்டுப்பக்கமே இழுத்துட்டுப் போகுது பாரு. எனக்கு இந்த முதுகுங்களைப் பார்த்தாலே பிடிக்காது. இன்னைக்கு மட்டும் ரொம்பப் பிடிச்சிருக்கு.

மாகுவா: கொஞ்சம் உக்காருங்க. இன்னொரு அலை வந்தா விழுந்துருவீங்க.

கலேஹுவா: விழ மாட்டேன். நான் உக்காந்தா அவங்க எழுந்துருவாங்க. முனையைத் தாண்டு... அதோ, மதில் வாசல் மரச்சிலைங்க தெரியுது! கரை வந்துருச்சு! குதி, ஓடு!

மாகுவா: உங்களை விட்டுட்டா? முதுகுல ஏறுங்க.

கலேஹுவா: என்னையும் தூக்கிட்டு ஓடினா மெதுவாயிரும். நீ மட்டும் போ, நான் பின்னாடியே நடந்து வரேன்.

மாகுவா: நடக்குறதா? உங்க கால் பட்ட மண்ணு உங்களுக்குன்னு ஆயிரும், அப்புறம் வேற யாரும் மிதிக்க முடியாது. இந்தக் கரையை நம்பிப் பொழைக்கிறவன் எங்க போவான்? ஏறுங்கன்னா ஏறுங்க. தலையை மட்டும் பின்னாடி திருப்பி வெச்சுக்கோங்க. எவனாவது நிமிர்ந்தா உங்க மூஞ்சிதான் தெரியணும்.

கலேஹுவா: ஒருத்தன் நிமிர்ந்தான்... படுத்துட்டான்! மாகுவா, கல்லு குத்துதா? உன் கால்ல ரத்தம் வருது.

மாகுவா: கால் இருக்குறவனுக்குத்தானே ரத்தம் வரும். பேசாம வாங்க.

பூசாரி: பார்த்து, பார்த்து! வாசக்கல்லு தடுக்கும். வந்துட்டீங்க... மதிலுக்குள்ள வந்துட்டீங்க. இனி யாரும் தொட முடியாது. மூச்சு விடப்பா முதல்ல.

மாகுவா: அப்பாடா... தாயி, கழுத்தை விடுங்க. அவனுங்க கொல்லாட்டியும் நீங்க கொன்னுருவீங்க போல.

கலேஹுவா: இவரு ஏன் குப்புற விழல?

பூசாரி: இந்த மதிலுக்குள்ள சாமிக்கு மட்டும்தான் விழுவோம் இளவரசி. நீங்களும் இறங்கி நடக்கலாம். இது சாமி மண்ணு. உங்க கால் பட்டாலும் அது சாமிக்குத்தான்.

கலேஹுவா: நிஜமாவா? ...சூடா இருக்கு. விரலுக்குள்ள எல்லாம் மணல் போகுது மாகுவா! எங்க வீட்டு முற்றத்தை விட்டா நான் எங்கயும் நின்னதே இல்ல.

பூசாரி: நின்னது போதும், இப்படி வாங்க. தப்பு என்னன்னு வாயைத் திறந்து சொல்லணும், அப்பத்தான் கழிக்க முடியும். எதையாவது மறைச்சா கழியாது. யாரு பண்ண தப்பு?

கலேஹுவா: நான்.

மாகுவா: நான்.

பூசாரி: ஒரு தப்புக்கு ரெண்டு பேரா!

கலேஹுவா: அவன் பொய் சொல்றான் ஐயா, என்னைக் காப்பாத்துறதுக்கு. வாழைப்பழத்தைத் திருடித் தின்னது நான்தான். அவன் ஒண்ணுமே பண்ணல. நான் தின்னதே அவனுக்குத் தெரியாது, இன்னைக்குப் படகுல வெச்சுத்தான் சொன்னேன். என்னாலதான் அவனுக்கு இத்தனையும்...

பூசாரி: நீ என்னப்பா சொல்ற?

மாகுவா: ருசியா இருந்துச்சா தாயி?

கலேஹுவா: இப்போ அதுவா முக்கியம்? ...இருந்துச்சு. ரொம்ப. கண்ணை மூடிட்டுத் தின்னேன். ஏன் கேக்குற?

மாகுவா: கேட்டுக்கோங்க பூசாரி ஐயா, இது ஒண்ணைத்தான் மறைச்சேன். இந்தப் புள்ள பேசத் தெரிஞ்சதுல இருந்து, "அது எப்படி இருக்கும் மாகுவா, அது எப்படி இருக்கும்"னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாளைக்கு நாட்டை ஆளப்போற பொண்ணு. ஊர்ல பாதிப்பேருக்கு எதை இல்லேன்னு சொல்றோம்னு அதுக்குத் தெரிய வேணாமா? அந்தச் சுவர்ல ஓட்டை போட்டதும் நான்தான்; நல்லாக் கனிஞ்ச பழமாப் பார்த்து, இந்தக் கைக்கு எட்டுற இடத்துல வெச்சதும் நான்தான்.