ஒரு நாள் முறை

அன்பரசு: …நெசமாத்தான் சொல்றேன் மச்சான். சுரபுன்னை மரமெல்லாம் தண்ணியில நடந்து வருது பாரு.

கதிர்வேல்: காலையிலேருந்து நாலு சவாரி. வெயிலு மண்டையில ஏறிடுச்சு. துடுப்ப குடுங்க மாமா.

அன்பரசு: வெயிலா? குளுகுளுன்னு இருக்கே… தூக்கத்துல படகு ஓட்டுற மாதிரி. நல்லாத்தான் இருக்கு.

கதிர்வேல்: சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கு. குளுகுளுவாம்! கை வேற நடுங்குது… எத்தினி நாளா இப்புடி?

அன்பரசு: இன்னிக்குத்தான்.

கதிர்வேல்: மாமா…

அன்பரசு: நாலு நாளா. ஒங்கக்காகிட்ட ஒளறிடாத.

கதிர்வேல்: நாலு நாளா… மாத்திரைய கூட்டுனதுலேருந்தா?

அன்பரசு: சக்கரை முந்நூத்தி இருவது, அதான் ஒண்ண ரெண்டாக்கிட்டாங்கன்னு நீதான சொன்ன. கொஞ்சம் கெறங்கத்தான் செய்யும்.

கதிர்வேல்: நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்…

அன்பரசு: மாத்திரை சும்மாதான் குடுக்குறாங்க. நாளுதான் போயிடுது. வெறும் வயித்துல ரத்தம், சாப்புட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப ரத்தம்… அதுக்குள்ள என் படகு மொறைய அடுத்தவன் ஓட்டிட்டுப் போயிடுவான். அதான் ஆஸ்பத்திரி நோட்ட ஒங்கிட்ட குடுத்து அனுப்புனேன்.

கதிர்வேல்: அதான் நான் போயி வாங்கிட்டு வந்தேன்ல…

அன்பரசு: போன மாசம் எடுத்த ரத்தத்துக்கு இப்பத்தான் ரிசல்ட்டு வந்துச்சாமே. நல்லவேளை… ஏ மச்சான், அந்தக் கொக்கு ஏன் என் பேரச் சொல்லுது?

கதிர்வேல்: மாமா! துடுப்ப வுடுங்க. இப்புடி சாயுங்க… இந்தாங்க, குடிங்க.

அன்பரசு: காலையில சவாரி வந்த பாண்டிச்சேரிப் பாப்பா வுட்டுட்டுப் போன ஜூஸா? இனிப்புடா… முந்நூத்தி இருவதுக்கா?

கதிர்வேல்: வேர்த்து, கை நடுங்குனா சக்கரை எறங்கிடுச்சுன்னு அர்த்தமாம். ஒடனே இனிப்பு குடுக்கணுமாம். நர்சம்மா சொன்னாங்க. குடிங்க… இன்னும் ஒரு வாய்…

அன்பரசு: …

கதிர்வேல்: மாமா? பேசுங்க மாமா. ஏதாவது பேசுங்க…

அன்பரசு: …மரமெல்லாம் நின்னுடுச்சு மச்சான்.

கதிர்வேல்: அப்பாடா… உசுரே போயிடுச்சு எனக்கு. கரைக்குப் போனதும் நேரா ஆஸ்பத்திரி.

அன்பரசு: மொற?

கதிர்வேல்: மொற கெடக்கட்டும். அந்த மாத்திரைய இனிமே தொடாதீங்க, டாக்டரு சொல்ற வரைக்கும்.

அன்பரசு: ஏண்டா அழுவுற? பொழைச்சிட்டேன்ல… இந்தா, மீதிய நீ குடி.

கதிர்வேல்: வேணாம் மாமா.

அன்பரசு: எச்சில்னு பாக்குறியா? இனிப்புன்னா உசுர வுடுவியே!

கதிர்வேல்: ரிசல்ட்டெல்லாம் ஒண்ணும் வரல மாமா. ரத்தம் குடுக்காம மாத்திரை இல்லன்னாங்க… நான்தான் அன்பரசுன்னு சொல்லி, என் வெரல நீட்டிட்டேன். அந்த முந்நூத்தி இருவது… என்னுது.