ஆறாம் எண் வேனை நான் எடுத்துச் சென்ற விவரம்

என் பெயர் லொரெய்ன் ஹூடாக், வயது 58. டன்மார்ஷ் ஊரில் மில் தெரு 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். மாவட்ட முதியோர் போக்குவரத்து அலுவலகத்தில் வேன் ஓட்டுகிறேன். போலீசார் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்ப வீட்டில் விடுவது என் வேலை. கட்டணம் கிடையாது. மாநில லாட்டரி வருமானத்தில் ஓடும் வண்டி என்பதால், ‘நீங்கள் வாங்கும் சீட்டு, நீங்கள் போகும் வண்டி’ என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும். என் பயணிகள் அதை அப்படியே நம்பினார்கள். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, அங்குள்ள கடையில் சுரண்டும் லாட்டரிச் சீட்டு வாங்குவார்கள். அப்படி நிறுத்துவது விதிக்குப் புறம்பு என்று தெரிந்தேதான் நிறுத்தினேன். வால்டர் ஸெலென்கா, வயது 79, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஒவ்வொரு முறை இறங்கும்போதும், “இரு டிரைவரம்மா, உன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வரேன்” என்பார்.

சென்ற மாதம், நிதிப் பற்றாக்குறையால் எங்கள் தடம் நிறுத்தப்படுவதாக எல்லோருக்கும் கடிதம் வந்தது. அதன் பிறகு ஸெலென்கா கத்தை கத்தையாகச் சீட்டு வாங்க ஆரம்பித்தார். ஒருநாள் மருந்துக்கடையில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “மாத்திரை கெடக்கட்டும். நாம சரியா வாங்கலேன்னுதானே வண்டிய நிறுத்துறான்? பக்கத்து வீட்டு ஹெலனையும் வாங்கச் சொல்லியிருக்கேன்” என்றார்.

அதன் பிறகு மேலாளர் பிரெண்டிஸிடம் போய், சீட்டு விற்பனை அவ்வளவு குறைந்துவிட்டதா என்று கேட்டேன். “குறையிறதா? இந்த வருஷம் மாதிரி என்னைக்குமே வித்ததில்ல. மேல இருக்கறவங்க அந்தக் காச வேற செலவுக்குத் திருப்பிட்டாங்க. நம்ம கையில என்ன இருக்கு, லொரெய்ன்?” என்றார். காப்பியை அவர் மேல் ஊற்றினேன் என்று அவர் சொல்வது பொய். சுவரில்தான் எறிந்தேன்.

தடம் நிறுத்தப்பட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, யாரிடமும் கேட்காமல் ஷெட்டிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு ஸெலென்கா வீட்டுக்குப் போனேன். வழியில் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப நான் வாங்குனதெல்லாம்?”

“அவங்களுக்குப் போச்சு, பெரியவரே.”

அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டுகளை எடுத்து எண்ணினார். பிறகு, “திரும்பி வர்றப்ப பங்க்ல நிறுத்தாத” என்றார்.

அவர் உள்ளே சிகிச்சையில் இருந்தபோது போலீசார் வந்து சாவியைக் கேட்டார்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். மறுத்துவிட்டார்கள். என்னைப் போலீஸ் காரில் ஏற்றிய சமயம் ஸெலென்கா டயாலிசிஸ் ஊசி எடுத்த கையின் கட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வேன் நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்தார். எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று கேட்டேன். இந்த ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வேனை எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வியாழக்கிழமை அவருக்கு மறுபடி டயாலிசிஸ். அவரை யார் அழைத்துப் போவது என்ற கேள்வியையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எழுதினார்கள். படித்துப் பார்த்தேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுத இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) லொரெய்ன் ஹூடாக்