தாய்மாமன் என்று சொன்னால் போதுமா?

மங்கையர் மானங்காப்புக் கழகத்தின் தலைவராய், மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அப்புசாமி ஐயா அவர்களே, கழகத்தின் சாவிக்கொத்தை இடுப்பிலும் அதன் சாதனைகளை நாவிலும் சுமந்து திரியும் செயலாளர் தீர்த்தகிரி அவர்களே, காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் கிடத்தி மண்தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, லாரிப் பட்டறையிலிருந்து கரி படிந்த கையோடு வந்து நிற்கும் அண்ணன்மார்களே, பதினோராம் வகுப்பு மாணவி சாரதாமணியின் பணிவான வணக்கம்.

'மீட்பின் மாண்பு' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மீட்டவர்களின் மாண்பை இந்த மாலைகளே பேசுகின்றன. மீட்கப்பட்டவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டாமா?

இந்த வாரத் தொடக்கத்தில் நம் சங்ககிரிச் சாலையில், பெண்களைக் கடத்திப் போகிறார்கள் என்று கழகம் ஒரு லாரியை மறித்தது. அதில் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஜேடர்பாளையத்துக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கையில் கொடுவாள், தலையில் மூட்டை, மூட்டைக்குள் பழைய துணியும் பானையும். கடத்திப் போகிற பெண்ணின் கையில் எவனாவது கொடுவாளைக் கொடுத்து உட்கார வைப்பானா? கழகம் யோசிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தால் போட்டோ எடுக்க நேரம் போயிருக்கும்.

கயவனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கமுத்து என்ற புரோக்கர் ஒருவன் அதே லாரியில் வந்தான்; கூட வந்த பெண்களே என்னிடம் சொன்னார்கள். ராசாத்தி என்ற என் வயதுப் பெண்ணிடம், பம்பாயில் வீட்டு வேலை, நிழலில் இருக்கலாம், நல்ல சேலை கட்டலாம் என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தான். அவள் அக்காள் செல்லியம்மாள் தங்கையைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்து, கொடுவாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் வாய் அடங்கியது. அப்போதுதான் கழகம் வந்து லாரியை நிறுத்தியது. பெண்களை எல்லாம் இறக்கியது. அங்கமுத்து? அவன் தானாக இறங்கி டீக்கடைக்குப் போனான். ஆண்பிள்ளையை எதற்கு மீட்பது?

சிரிக்கிறீர்கள் அண்ணன்மார்களே. பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

கொடுவாள்களைப் பிடுங்கிக்கொண்டு, பெண்களைக் கழக மண்டபத்தில் வைத்துப் பூட்டினார்கள். வீட்டு ஆண்பிள்ளை வந்து கேட்டால்தான் கதவு திறக்குமாம். ஒருத்திக்குக் கணவன் வந்தான். இன்னொருத்திக்கு அண்ணன் வந்தான். முந்தாநாள், உள்ளே இருந்தவர்களுக்குப் பள்ளியிலிருந்து கொண்டுபோன சோற்றுக் குண்டாவோடு நான் மண்டப வாசலில் நின்றபோது, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக ஒருவர் வந்தார்.

"ராசாத்திக்கு நான் தாய்மாமனுங்க," என்றார்.

நம் பக்கத்தில் அந்த உறவுக்கு எத்தனை மரியாதை. காதுகுத்தென்றால் மாமன் மடி வேண்டும். சீர் என்றால் மாமன் கை வேண்டும். திருமணம் என்றால் மாமன் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். தீர்த்தகிரி அவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க மாமா, உக்காருங்க. காப்பி சாப்புடுங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்லியம்மாள் கத்தினாள். "அய்யா, அவன்தான் லாரியில வந்த புரோக்கரு. எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்களே கெடையாது. மாமன் எங்கிருந்து மொளைச்சான்?"

வந்தவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பெரியவ எப்பவுமே வாயாடிங்க. அவளை நீங்களே வெச்சுத் திருத்துங்க. சின்னப்புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

"ஏனுங்க, அந்தக்கா சொல்றதக் கொஞ்சம் கேளுங்க," என்றேன் நான்.

"குண்டாவக் கழுவிட்டு ஊட்டுக்குப் போ சாமி," என்றார் செயலாளர்.

ராசாத்தி அழுதுகொண்டே போனாள். பெண் 'இல்லை' என்று சொன்னால் அது கூச்சல். ஆண் 'ஆமாம்' என்று சொன்னால் அது சாட்சி. இதுதானா உங்கள் காப்பு? லாரியில் அவளை நெருங்க முடியாதவனுக்கு வழி திறந்தது யார்? கொடுவாளைப் பிடுங்கியது யார்? அக்காளைப் பூட்டியது யார்? தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தது யார்? கயவன் கூலி கொடுத்தாலும் ஆள் கிடைக்காத வேலையை, கழகம் காப்பி கொடுத்துச் செய்து முடித்தது.

மணி அடிக்கிறீர்கள் செயலாளர் அவர்களே. நன்றாக அடியுங்கள். பந்தலுக்குப் பின்னால், மண்டபத்தின் அந்தப் பச்சைக் கதவுக்குள் இருப்பவளுக்கும் கேட்கட்டும். ஆம் தாய்மார்களே, செல்லியம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பார்த்ததை நான் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், கூடப்பிறந்தவள் வந்து புகார் கொடுக்கட்டும் என்கிறார்கள். கூடப்பிறந்தவளோ பாதுகாப்பாகப் பூட்டப்பட்டிருக்கிறாள். ஒவ்வொரு பொழுதும் ராசாத்தி தொலைவாகிக்கொண்டே போகிறாள்.

செல்லியம்மாளையாவது விடுங்கள் என்று நேற்றுத் தலைவர் ஐயாவிடம் கேட்டேன். "அவ சொந்தக்காரங்க வரட்டும் சாமி, அனுப்பிடலாம்," என்றார். அவள் கணவன் இறந்துவிட்டான் ஐயா. தாய் தந்தை இல்லை. உலகத்தில் அவளுக்கிருந்த ஒரே சொந்தம் ராசாத்தி. அவளைத்தான் நீங்கள் தாரை வார்த்துவிட்டீர்களே, இனி யார் வருவார்?

சொந்தம் வேண்டும், அவ்வளவுதானே? அன்று வாயால் சொன்னது போதுமானால் இன்றும் போதும். நான் செல்லியம்மாளின் தங்கை. இந்தக் கூட்டத்தில் அவளுக்கு வேறு யாராவது உறவு உண்டா?

முன்வரிசையில் எழுந்து நிற்கும் அம்மா, உரக்கச் சொல்லுங்கள். "நான் பாவாயி, அவளுக்குப் பெரியம்மான்னு சொல்லு சாமி" என்கிறார். அதற்குப் பின்னால் ஒரு சித்தி எழுகிறார். பட்டறை அண்ணன் ஒருவர், "நான் மாமனுங்க" என்று கை தூக்குகிறார். மாமன் வந்தது போதும் அண்ணா, நீங்கள் அண்ணனாகவே வாருங்கள்.

கதவு திறந்ததும் யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். புகார் கொடுக்கப் போவதா, கரும்புக் காட்டுக்குப் போவதா, அவளே சொல்லட்டும். அவள் கொடுவாளை அவளிடம் கொடுத்துவிட்டு வழிவிடுவோம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. விடைபெறும் வணக்கத்தை அந்தப் பச்சைக் கதவருகே சொல்கிறேன், எல்லோரும் வாருங்கள். தீர்த்தகிரி அவர்களே, உறவுக்காரர்கள் வந்துவிட்டோம். எங்களுக்குக் காப்பி வேண்டாம். சாவி போதும்.